பூமிராஜன் குதித்து வந்த கதை

கடலுக்கு அப்பால் செத்துப்போன பூமிராஜன் ஊர் திரும்பிய அன்று எங்கள் உசிலங்குளத்தில் தை மாதத்து வெள்ளிக்கிழமைச் சந்தை கூடியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறி, கருவாட்டுக்காரிகள் சாக்குப் படுதாவின் நிழலுக்குள் கால்களை இழுத்துக்கொண்டு, பனங்கிழங்கு விற்றவன் தன் கிழங்கைத் தானே உரித்துத் தின்றுகொண்டிருந்த நேரத்தில், கிழக்கே உப்பளங்களைத் தாண்டிக் கடலுக்குப் போகிற தார் ரோட்டில், இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக முன்னால் நீட்டிக்கொண்டு, முழங்கால் மடங்காமல், பாதங்கள் இரண்டையும் ஒட்டவைத்ததுபோல் சேர்த்துக்கொண்டு, உலக்கை குத்துவது மாதிரி தொம் தொம் என்று குதித்து அவன் வந்தான். சட்டையும் காற்சட்டையும் ஒன்றாகத் தைத்த கம்பெனியின் நீல உடுப்பைப் போட்டிருந்தான். கணுக்கால்களில் உப்பு பூத்திருந்தது. கடலை எப்படித் தாண்டினான் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை.

இது என்னவென்றும் யாரும் கேட்கவில்லை. இது என்னவென்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கருவாட்டுக்காரி ஒருத்திதான் முதலில் மூக்கைப் பொத்தினாள். பிறகு பனங்கிழங்குக்காரன், வளையல் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பஸ்ஸின் டிரைவர், தராசைத் தூக்கிப் பிடித்தபடி கோழிக்கடைக்காரர் என்று சந்தை முழுக்க ஒருவர் பின் ஒருவராக இரண்டு விரல்களால் மூக்கை அழுத்திக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, கண்களை மட்டும் உருட்டிக்கொண்டு நின்றோம். அவன் எங்கள் நடுவே குதித்துப் போனான். மூச்சுவிடுகிற ஆளைத்தான் அது தேடும், மூச்சை அடக்கிவிட்டால் நாம் அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் கனி டாக்கீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனி ராவுத்தரின் அந்தக் கொட்டகைக்குப் பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த படங்கள்கூட வந்து சேராத காலத்தில், அவர் எங்கோ ஒரு கிடங்கிலிருந்து சீனத்துச் சண்டைப் படப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். வெறும் சண்டைப் படங்கள் என்றால் இந்த அளவுக்கு எங்கள் ரத்தத்தில் ஊறியிருக்காது. சண்டையும் பேயும் கலந்த படங்கள் அவை. மஞ்சள் அங்கி போட்ட மந்திரவாதி ஒருவன் மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடப்பான். அவன் பின்னால் ஒரே மாதிரி உடுப்புப் போட்ட பிணங்கள் நெற்றியில் மஞ்சள் சீட்டு தொங்க, கையை நீட்டிக்கொண்டு, வரிசையாகக் குதித்துக் குதித்துப் போகும். வெளியூருக்குப் பிழைக்கப் போய்ச் செத்தவர்களாம் அவர்கள். சொந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகிறானாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சீட்டு காற்றில் பறந்துவிட்டால் பிணம் விழித்துக்கொள்ளும். அப்போது திரையில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். கொட்டகையில் தரை டிக்கெட்டிலிருந்து சோபா வரைக்கும் நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்துவோம். பிணம் முகத்துக்கு முகம் மோந்துகொண்டே போகும். மூச்சு முட்டிக் கண்ணில் நீர் வரும். பிணம் தாண்டிப் போனதும் மொத்தக் கொட்டகையும் ஒரே நேரத்தில் புஸ்ஸென்று மூச்சை விட்டுச் சிரிக்கும். அந்த மாதிரி ஒரு சுகத்தை நான் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும், எந்தக் கோயிலிலும் அனுபவித்ததில்லை.

அந்தப் படங்கள் எங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தன என்று இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்துப் பேய்களிடம் தொந்தரவு அதிகம். அவை பேசும். கிணற்றில் விழுந்தவளும் வரப்புச் சண்டையில் வெட்டுப்பட்டவனும் யார் உடம்பிலாவது ஏறிக்கொண்டு, தங்களைத் தள்ளியவன் பெயரையும் வெட்டியவன் பெயரையும் பத்துப் பேர் நடுவில் சொல்லி அழும். நியாயம் கேட்கும். சீனத்துப் பிணம் வாயே திறக்காது. அதற்கு எந்தக் குறையும் கிடையாது. ஒரு சீட்டை ஒட்டினால் நின்றுவிடும். பச்சரிசியைத் தூவினால் தாண்டாது. இப்படி ஒரு பிணம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எங்களுக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும். அந்த ஆசைதான் பூமியண்ணன் உருவில் குதித்து வந்தது என்று சில நாள் தோன்றும்; அப்படி நினைப்பதும் ஒருவகையில் தப்பித்துக்கொள்கிற நினைப்புதானே என்று சில நாள் தோன்றும்.

மூக்கைப் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கராத்தே தவமணி தன் தையல் கடையிலிருந்து ஓடிவந்தார். அவர் கராத்தே கற்றதே கனி டாக்கீஸில்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் மாஸ்டர். கழுத்தில் இஞ்சி டேப் தொங்க, கையால் ஜாடை காட்டி, போஸ்டர் ஒட்டுகிற லாசரைக் கூப்பிட்டார். கொட்டகை மூடிக் கல்யாண மண்டபமாகிப் பல வருஷமான பிறகும் லாசர் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தான். சைக்கிளில் மைதாப் பசை வாளி எப்போதும் தொங்கும். சைக்கிள் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த கனி டாக்கீஸின் பழைய மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை உருவி, பசையைத் தடவி, பூமிராஜன் முன்னால் போய்க் குதித்து, அவன் நெற்றியில் சப்பென்று ஒட்டினான். தினசரி மூன்று காட்சிகள், காணத் தவறாதீர்கள் என்று அதில் போட்டிருந்தது.

பூமிராஜன் நின்றான். கனி மண்டபத்துக்கு எதிரில், வேப்பமரத்தடியில், தன் வீடு இருக்கிற தெருவைப் பார்த்து நின்றான். சந்தை முழுக்கப் புஸ்ஸென்று மூச்சை விட்டது. சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை: கை தட்டினோம்.

"பாத்தியளா?" என்றார் தவமணி. "நான் அப்பவே சொல்லுவேன், அது வெறும் படம் இல்ல, பாடம்னு."

"மாஸ்டர், பசை காய்ஞ்சா உதிர்ந்துருமே," என்றான் லாசர்.

"தினம் ரெண்டு வேளை ஒட்டுடா. வேற என்ன வேல ஒனக்கு?"

தமயந்தி மதினி வந்தபோது கூட்டம் வழிவிட்டது. பூமியண்ணனின் மனைவி. அவர் எனக்குச் சொந்த அண்ணன் இல்லை, ஒரே தெரு, ஒரே கொட்டகையில் ஒட்டி உட்கார்ந்து மூச்சடக்கியவர்கள். ஐப்பசி மழையில் மதினிக்குப் போன் வந்தது. வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டார், உடல் வரும் என்றார்கள். உடல் வரவில்லை. அடுத்த வாரம் வரும் என்றார்கள். விசாரணை முடிந்தால் வரும் என்றார்கள். பிறகு போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். உடல் வராமல் அழக்கூடாது, அழுதால் உயிரோடு இருப்பவனை அழுததாகிவிடும், ஒருவேளை ஆள் மாறியிருந்தால் என்ன செய்வது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மதினி அழவில்லை. தாலியைக் கழற்றவில்லை. பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு, வைக்காமலும் அழிக்காமலும் நேற்றைய பொட்டின் மிச்சத்தோடு வெளியே வருவாள்.

அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். உப்பு பூத்த கணுக்காலைப் பார்த்தாள். "படுக்க வைங்க," என்றாள்.

ஆறு பேர் சேர்ந்து சாய்த்தோம். கையை எடுத்ததும் விறைத்த பலகை மாதிரி எழுந்து நின்றான். கையை மடக்கினால் நீண்டது. இன்னொரு முறை சாய்த்து மேலே கல்லை வைத்தோம். கல் உருண்டது, அவன் நின்றான்.

"படுக்காது மதினி," என்றார் தவமணி. "இந்த வகை அப்படித்தான்."

"மாஸ்டர், எந்த வகையா இருந்தாலும் செத்தவரு படுக்கணும். நின்னுக்கிட்டு இருக்கறவரை நான் எப்படி எரிக்க?"

அன்றிலிருந்து அவள் கேட்டது அந்த ஒன்றுதான். அவள் புருஷன் படுக்க வேண்டும்.

அய்யனார் கோயில் பூசாரியிடம் போனாள். அவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச பேய்க்குக் காலே கிடையாதும்மா. இது ரெண்டு காலையும் சேத்துவச்சுல்ல குதிக்குது. இது நம்ம பக்கத்துச் சரக்கு இல்ல, தவமணியத்தான் கேக்கணும்," என்றார். ஸ்டேஷனுக்குப் போனாள். எஸ்.ஐ. நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். "ஆளு பஜார்ல நிக்கிறாருன்னு ஊரே சொல்லுது. நிக்கிற ஆளச் செத்துட்டாருன்னு நான் எப்படிம்மா எழுத? செத்தது அங்க, நிக்கிறது இங்க. செத்த இடத்துலதான் கேஸு," என்றார். அவளோடு துணைக்குப் போன நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. அது பழகிக்கொண்ட வேகத்தை நினைத்தால்தான் எனக்குப் பூமியண்ணன் குதித்து வந்ததைவிட ஆச்சரியமாக இருக்கிறது. வேப்பமரத்தைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது ஊர் வழக்கமாயிற்று. சீட்டு ஒட்டியிருக்கும்போது அதற்கு அவசியமில்லைதான். ஆனாலும் பசையை யார் நம்புவது? கல்யாண ஊர்வலம் அந்த இடத்துக்கு வந்ததும் நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிடுவார். தவில் மட்டும் தனியாக அடித்துக்கொண்டு போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடுத்த திருப்பத்தில் மூச்சைவிட்டு, "நீ விட்டுட்ட, ஒன்னக் கடிக்கும்" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். புகை பிடிப்பவர்கள் உள்ளே இழுத்த புகையோடு கடந்து அந்தப் பக்கம் போய்ப் புகையை விட்டார்கள். பூமிராஜனைச் சுற்றித் தவமணி பச்சரிசியால் ஒரு வட்டம் போடச் சொன்னார். ரேஷனில் பச்சரிசி வாங்கிய வீட்டுக்காரர்களெல்லாம் ஆளுக்கொரு பிடி தூவினார்கள். காக்கைகள் கொத்தின, மறுபடி தூவினார்கள்.

பிறகு வெளியூரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டீக்கடை இரண்டு கூடின. கனி ராவுத்தர் மண்டபத்தின் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய பெட்டிகளை இறக்கி, பகல் காட்சியாகச் சீனத்துப் படங்களை மறுபடி ஓட்டினார். படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் எதிரிலேயே அசலைப் பார்த்துவிட்டுப் போகலாம். தவமணி மஞ்சள் சாட்டினில் அங்கி ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டார். ஐஸ்காரனிடம் பழைய மணியை வாங்கி ஆட்டினார். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார்கள் தொலைவிலிருந்து வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பூமிராஜன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தன் மகன் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மதினி தினமும் வந்தாள். நனைத்த துண்டால் கணுக்கால் உப்பைத் துடைப்பாள். மறுநாள் மறுபடி பூத்திருக்கும். அவளும் எங்கள் ஊர்க்காரிதான், அவளும் கனி டாக்கீஸில் வளர்ந்தவள்தான். மூச்சை அடக்கிக்கொண்டு வட்டத்துக்குள் போவாள், முட்டும்வரை துடைப்பாள், வெளியே ஓடிவந்து குனிந்து மூச்சுவாங்குவாள், மறுபடி போவாள். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

"பாவம்," என்பான் ஒருவன்.

"ஆனா மூச்சு நல்லா நிக்குதுப்பா அந்தம்மாவுக்கு," என்பான் இன்னொருவன்.

ஒரு நாள் அவள் ராவுத்தரிடம் போய், "மாமா, நீங்க சொன்னாக் கேப்பாங்க. இவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் நிக்க வச்சாவது கொள்ளி போட்டுருவோம்," என்றாள்.

ராவுத்தர் கெட்டவர் இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "தாயி, உசிரோட இருந்தப்பவும் ஊரு உலகத்துக்குச் சம்பாரிச்சுக் குடுத்தவன். இப்பவும் குடுக்கறான். ஒன் வீட்டுக்கும் அரிசி பருப்பு வருதுல்ல? தர்கா கந்தூரி முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும். எரியற நேரத்துல சீட்டு எரிஞ்சு அது எந்திரிச்சு ஓடுச்சுன்னா யாரு தாயி ஜவாப்பு?"

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

பங்குனியில் இன்னாசி வந்தான். பூமியண்ணனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன். எங்களுக்கு மூன்று ஊர் தள்ளி. விமானத்தில் உயிரோடு வந்தவன். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராகத் தமயந்தி மதினியைத் தேடி வந்து, வாசலில் நின்றபடியே சொன்னான். தண்ணீர் கேட்டான், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"எண்ணெய்த் தொட்டி கழுவ விட்டாங்க மதினி. உள்ள காத்து இருக்காது, குழாய் போட்டு ஊதிட்டுத்தான் எறக்கணும். அன்னைக்கு அந்த மிஷின் ரிப்பேரு. எறங்குன்னுட்டாங்க. அண்ணன் எறங்குச்சு. கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டுது, தூக்குங்கடான்னு சத்தம் வந்துச்சு. தொட்டி வாய் வழியா மேல ஒரே வாடை. நின்னுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. நானும்தான் பொத்தினேன். ரெண்டு கையையும் மேல நீட்டிக்கிட்டே இருந்துச்சு மதினி. தூக்கும்போதும் கை நீட்டினபடிதான் இருந்துச்சு."

மதினி அவன் கையிலிருந்த சொம்பை வாங்கி உள்ளே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அன்றும் வெள்ளிக்கிழமை; சந்தை கூடியிருந்தது; பகல் காட்சி விட்டு ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது.

அவள் நேராக வேப்பமரத்தடிக்குப் போய் அரிசி வட்டத்துக்குள் நுழைந்து, நீட்டியிருந்த இரண்டு கைகளுக்கு நடுவில் நின்றாள். மூக்கைப் பொத்தவில்லை. சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"மதினி! மதினி, வேண்டாம்!" தவமணி மஞ்சள் அங்கி காலைத் தடுக்க ஓடிவந்தார், வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டார். "சீட்டைக் கிழிச்சா முழிச்சிக்கிரும். எதுக்க இருக்கறவளைக் கடிக்கும். படத்துல எத்தனை தடவை பாத்திருக்கோம்!"

"ஏன் மாஸ்டர், படத்துல எதுக்க நின்னவ அதுக்குப் பொண்டாட்டியா?"

தவமணி யோசித்தார். "அதெல்லாம் தெரியாது. அது யாருன்னு படத்துல வராது."

"செத்தவனுக்கு யாராச்சும் அழுதாங்களா அந்தப் படத்துல?"

"அழுகை சீனே கிடையாது மதினி. ஃபுல்லா ஃபைட்டு."

"இருந்துச்சு மாஸ்டர்," என்றான் லாசர். பசை வாளியோடு கூட்டத்தின் முன்னால் நின்றிருந்தான். நாங்கள் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். "பெட்டி வந்த புதுசுல, ஊர்ல ஓட்டறதுக்கு முன்னாடி, ராவுத்தர் மாமாவும் நானும் ஆபரேட்டரும் போட்டுப் பாப்போம்ல. ஒரு பொம்பள வருவா. பிணத்துக்கு முன்னாடி மண்டி போட்டுக் கத்திக் கத்தி அழுவா. ரொம்ப நேரம். அது அப்படியே சாஞ்சு படுத்துரும். மாமாதான் வெட்டச் சொன்னாரு."

ராவுத்தர் மண்டபத்துப் படியில் நின்றிருந்தார். எல்லார் கண்ணும் அவர்மேல் போயிற்று. "வெட்டாம?" என்றார் அவர். "ஒப்பாரி வச்சா நீங்கதானடா சோபாவக் கிழிச்சியோ? ஃபைட்டப் போடுன்னு தெரையில கல்லை வீசுனது யாரு? எல்லாப் பெட்டியிலயும் இருந்துச்சு அந்தச் சீனு. எல்லாத்துலயும் வெட்டினேன்."

எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தோம். சீட்டு தெரியும், அரிசி தெரியும், மணி தெரியும், மூச்சடக்கத் தெரியும். ஒரு படத்தைக்கூட நாங்கள் முழுசாகப் பார்த்ததில்லை.

மதினி சீட்டைக் கிழித்துக் கீழே போட்டாள். பூமிராஜனின் கண்கள் திறந்தன. அந்த வினாடியில் சந்தை முழுக்க, பழக்கத்தில், பயத்தில், ஒரே சமயத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டது. படம் விட்டு வந்த வெளியூர்க்காரர்களும் பொத்திக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய சந்தையில் ஒரே ஓர் ஆள் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

மூச்சை அடக்கிக்கொண்டு அழ முடியாது. முயன்று பார்த்தால் தெரியும். ஐப்பசியிலிருந்து அவள் அழாமல் இருந்ததற்குப் பெரியவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள், தை மாதத்திலிருந்து தவமணி, அதன் முன்னால் மூச்சுவிடக் கூடாது என்று, ஒரு காரணம் சொன்னார். இரண்டும் அவள் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு கிடந்தன. இப்போது அவள் வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. பிறகு வந்த சத்தத்தை நான் எழுத முடியாது. "என் ராசா, கையத் தூக்கிக் கேட்டியே, ஒருத்தரும் தூக்கலையே" என்று தொடங்கி, அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டு, தன் மூச்சு முழுவதையும் அவன் முகத்தில் கொட்டினாள். கம்பெனியைத் திட்டினாள், கடலைத் திட்டினாள், அவனை ஏற்றிவிட்ட பஸ்ஸைத் திட்டினாள், எங்களையும் திட்டினாள். ஒவ்வொருவரையும் உறவுமுறை சொல்லி, மாமன் என்றும் மச்சான் என்றும் கொழுந்தன் என்றும் பெயர் சொல்லித் திட்டினாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் மூச்சு வெளியே போய்விடும்.

பூமிராஜன் ஒரே ஒரு முறை குதித்தான். நீட்டிய கைகள் அவள் தோள்களின்மேல் விழுந்தன. அவன் முகம் அவள் முகத்தருகே குனிந்தது. கூட்டத்தில் யாரோ கண்ணை மூடிக்கொண்டார்கள். அவன் கடிக்கவில்லை. அவள் அழுது விட்ட மூச்சை வாயைத் திறந்து உள்ளே இழுத்தான். தொட்டியின் அடியிலிருந்து மேலே வந்தவன் இழுப்பதுபோல, நெஞ்சு விரிய, நெடுநேரம் இழுத்தான். நீல உடுப்பு புடைத்து அடங்கியது. பிறகு முழங்கால்கள் மடங்கின. அவள் தோளைப் பிடித்தபடியே சரிந்து, அரிசியின்மேல் மல்லாந்து படுத்தான். கைகள் தாமாக மார்பின்மேல் வந்து சேர்ந்தன.

மதினி உட்கார்ந்தாள். அவனைத் தடுப்பதற்காக ஊரே தூவிய பச்சரிசியைத் தரையிலிருந்து அள்ளினாள். மண்ணை ஊதினாள். திறந்திருந்த அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கரிசி போட்டாள். எல்லா வீட்டு அரிசியும் அதில் இருந்தது. ஒரு வீட்டுக் கையும் இல்லை.

"தூக்க வாங்க," என்றாள், எங்களைப் பார்த்து.

நாங்கள் நின்றோம். வரக்கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஆனால் வாய்க்கரிசி போட்டுவிட்டால் அது எழுந்திருக்காது என்று எந்தப் படத்திலும் நாங்கள் பார்த்திருக்கவில்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. என் விரல்கள் மூக்கிலேயே இருந்தன. அவற்றை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அவள் இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பேனா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. அவள் இன்னொரு முறை கூப்பிடவில்லை.

புதிதாகக் கட்டுகிற தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்க்கிற வடக்கத்தி ஆட்கள் நாலு பேர் சந்தைக்கு உருளைக்கிழங்கு வாங்க வந்திருந்தார்கள். அவர்கள் இந்தப் படங்களைப் பார்த்ததில்லை. ஊரே ஏன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. நாற்றம் இல்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன், பிகாஷ் என்று அவன் பெயர் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, பையைக் கீழே வைத்துவிட்டு வட்டத்துக்குள் வந்தான். மற்ற மூவரும் வந்தார்கள். வளையல் கடையின் மூங்கில் தட்டியைக் கழற்றி, பூமியண்ணனை அதில் கிடத்தி, தோளில் ஏற்றினார்கள். கனம் போலிருக்கிறது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தங்கள் மொழியில் ஏதோ தாளத்தில் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். மதினி அழுதுகொண்டே பின்னால் போனாள். மதினியின் பின்னாலேயே வந்திருந்த இன்னாசி, டீக்கடை அடுப்பிலிருந்து நெருப்பெடுத்த கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் போனான். அவர்கள் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் நாங்கள் மூச்சைவிட்டோம். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் மதினியோடு பலர் பேசுவதில்லை. டீக்கடைகள் குறைந்தன. ராவுத்தர் பெட்டிகளைப் பரணில் ஏற்றினார். வேப்பமரத்தைக் கடக்கும்போது மூச்சை அடக்குகிற பழக்கம் மட்டும் போகவில்லை. எதற்கென்று தெரியாத பிள்ளைகளும் அடக்குகிறார்கள்.

ஆடியில் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் சாரம் சரிந்தது. காண்ட்ராக்டர் வேலையாட்களை அன்று மாலையே லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார், நாங்களும் கேட்டுக்கொண்டோம். அடுத்த சந்தை நாளில், வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், தொட்டி கட்டுகிற இடத்திலிருந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தலைமுடியில் சிமெண்ட் அப்பியிருக்க, பிகாஷ் குதித்து வந்தான்.

லாசர் பசை வாளியில் கையை விட்டான். விட்டவன் அப்படியே நின்றுவிட்டான். தவமணி மணியை எடுக்கவில்லை. தமயந்தி மதினி தான் புதிதாகப் போட்டிருந்த கருவாட்டுக் கடையிலிருந்து எழுந்து ஓடினாள். நடுரோட்டில் அவனை மறித்து நின்று அழுதாள். தன் புருஷனுக்கு அழுததைவிடச் சத்தமாக அழுதாள். அவன் நின்றான். அவள் முகத்தருகே குனிந்து கொஞ்சம் மூச்சை வாங்கிக்கொண்டான். ஆனால் முழங்கால் மடங்கவில்லை. அவளுக்கு அவன் பெயர் தெரியாது, உறவுமுறை தெரியாது, எந்த வார்த்தையில் அழுதால் அவனுக்கு விளங்கும் என்று தெரியாது. அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு, எங்களைத் தாண்டி, வடக்கே போகிற ரோட்டில் திரும்பித் தொம் தொம் என்று குதித்துப் போனான். வெகுதூரம் போக வேண்டும் அவன். அங்கே யாரோ ஒருத்தி, உடல் வராமல் அழக்கூடாது என்று உட்காரவைக்கப்பட்டிருப்பாள்.

நாங்கள் சந்தையில் நின்றோம். எல்லார் விரலும் மூக்கில் இருந்தது. அவன் எங்களில் யாரையும் தேடி வரவில்லை என்பது நன்றாகத் தெரிந்த பிறகும், ரோட்டில் அவன் ஒரு புள்ளியாகி மறைகிறவரைக்கும், நாங்கள் ஒருவரும் மூச்சுவிடவில்லை.